கோப்லண்டின் கைவரிசை: ஓர் இசையமைப்பாளரின் பாணியைக் கேட்டுப் பிடிப்பது எப்படி?

பழைய கௌபாய் படம் எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இல்லாத புல்வெளி, தொலைவில் ஒற்றைக் குதிரை, பின்னணியில் ஆர்கெஸ்ட்ரா. அந்த ஒலி காதில் விழுந்ததுமே ‘இது அமெரிக்கா’ என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றவைத்ததில் பெரும்பங்கு ஆரன் கோப்லண்டுக்கு உண்டு.

அவருக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1900 நவம்பர் 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். லிதுவேனியப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா அங்கே கடை நடத்தினார். இருபது வயதில் பிரான்சுக்குப் போய் நாடியா பூலான்ஜே என்ற இசை ஆசிரியையிடம் பாடம் கேட்டார். ‘பில்லி த கிட்’ என்ற கௌபாய் பாலேக்கு 1938இல் இசை எழுதியபோதுகூட, ஒரு பகுதியைப் பாரிஸில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார். கையில் இருந்தவை கௌபாய் பாட்டுப் புத்தகங்கள்.

ஆகவே அந்த ஒலி புல்வெளியிலிருந்து தானாக முளைக்கவில்லை. ஒருவர் உட்கார்ந்து, யோசித்துக் கட்டியது. கட்டிய பொருள் என்றால் பிரித்துப் பார்க்கலாம். பாணியை ஆராய்வது என்று சொல்வது இந்தப் பிரிக்கும் வேலையைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘கம்பீரமாக இருக்கிறது’, ‘மனதை உருக்குகிறது’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். தவறில்லை. ஆனால் அது கேட்பவருக்கு நடந்தது. கம்பீரம் எந்த ஸ்வரத்தால் வந்தது, எந்த வாத்தியத்தால் வந்தது, எங்கே விட்ட இடைவெளியால் வந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் இசையமைப்பாளரிடம் போய்ச் சேருவோம். அதற்கப்புறம் இன்னொரு சோதனையும் இருக்கிறது, அதுதான் முக்கியம். ஒரு படைப்பில் கண்டுபிடித்த பழக்கத்தை, அதே ஆளின் முற்றிலும் வேறு மாதிரியான ஒரு படைப்பில் தேடிப் பார்க்க வேண்டும். அங்கேயும் இருந்தால் அது அவருடைய பாணி. இல்லையென்றால் அந்த ஒரு படைப்பின் குணம், அவ்வளவுதான்.

கோப்லண்டிடம் இந்தச் சோதனை செய்துபார்க்க வசதி அதிகம். அவர் எழுதியவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிடிப்பவை உண்டு. விருந்தினரை எழுந்து ஓடவைப்பவையும் உண்டு.

முதலில் எல்லோருக்கும் பிடித்ததிலிருந்து ஆரம்பிப்போம். ‘ஃபேன்ஃபேர் ஃபார் த காமன் மேன்’, அதாவது சாமானியனுக்கான முழக்கம். சுமார் மூன்று நிமிடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியிருந்த 1942இல் எழுதியது. சின்சினாட்டி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் யூஜீன் கூஸன்ஸ், ஒவ்வொரு கச்சேரியின் தொடக்கத்திலும் வாசிக்கச் சிறு முழக்கம் ஒன்று வேண்டும் என்று பல இசையமைப்பாளர்களைக் கேட்டிருந்தார். கோப்லண்ட் எழுதியது 1943 மார்ச்சில் அரங்கேறியது. வந்து குவிந்த முழக்கங்களில் இன்றைக்கும் உலகம் முழுக்க ஒலிப்பது இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

வாத்தியங்களைப் பாருங்கள்: நான்கு ஹார்ன், மூன்று டிரம்பெட், மூன்று டிராம்போன், ஒரு டியூபா, அப்புறம் டிம்பனி, பெரிய டிரம், கோங். வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. முதலில் தாள வாத்தியங்கள் மட்டும் இடிக்கின்றன. அந்த அதிர்வு அடங்க இடம் விடுகிறார். பிறகு டிரம்பெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கின்றன. கீழே துணைக்கு எதுவும் இல்லை.

அந்த வரியின் முதல் மூன்று ஸ்வரங்களை நம் கணக்கில் சொன்னால்: கீழ் ஸ்தாயி ப, நடு ச, அதற்கு மேல் ப. முதல் இரண்டும் குறுகியவை. மூன்றாவது மேலே ஏறி நீண்டு நிற்கிறது. தம்புராவை மீட்டினால் கேட்கிற அதே இரண்டு ஸ்வரங்கள், வேறொன்றும் இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இடைவெளி பரிச்சயமானது; அதில் என்ன புதுமை என்றுகூடத் தோன்றலாம். அதன் கனத்தை உணர மேற்கத்திய இசையின் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்பார்கள். அடிப்படையான கார்டு ச-க-ப என்ற மூன்று ஸ்வரங்களால் ஆனது. இதில் ச, ப இரண்டும் மாறாது. மாறுவது க. அந்தர காந்தாரம் (க-வின் உயர்ந்த வடிவம்) வந்தால் மேஜர்: காதுக்கு வெளிச்சமாக, மகிழ்ச்சியாகத் தோன்றும். சாதாரண காந்தாரம் (சற்றுத் தாழ்ந்த வடிவம்) வந்தால் மைனர்: கொஞ்சம் இருண்டு, சோகமாகத் தோன்றும். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய இசையின் உணர்ச்சி விளையாட்டில் பெரும்பகுதி இந்தக் காந்தாரத்தின் மேல்தான் நடந்திருக்கிறது.

கோப்லண்டின் முழக்கம் அந்தக் காந்தாரம் இல்லாமல் தொடங்குகிறது. சந்தோஷமா, துக்கமா என்று முதல் வரி சொல்ல மறுக்கிறது. போர்க்காலத்துக்கு எழுதிய இசையில் வெற்றி ஆரவாரமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அந்த நடுநிலைதான் பலருக்கும் பரந்த வெளியாகக் கேட்கிறது. பின்னால் மற்ற வாத்தியங்கள் சேரும்போது காந்தாரமும் வருகிறது. கோப்லண்ட் அதைத் தள்ளிவைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கதவைத் திறக்கும்போது யாரை முன்னால் நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

சரி, இது அவருடைய பாணியா, அல்லது டிரம்பெட் முழக்கம் என்றாலே இப்படித்தான் இருக்குமா? சந்தேகம் நியாயமானது. டிரம்பெட், ஹார்ன் போன்றவற்றுக்கு ச, ப இயல்பாக வரும் ஸ்வரங்கள். ராணுவ பியூகிளிலும் அவைதான் கேட்கும். ஆகவே இப்போது சோதனைக்குப் போக வேண்டும்.

1930இல் கோப்லண்ட் ‘பியானோ வேரியேஷன்ஸ்’ என்று ஒன்று எழுதினார். பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஒரு கரு, அதன் மேல் 20 மாற்றங்கள், கடைசியில் ஒரு முடிவுரை. பியானோவைச் சுத்தியலால் அடிக்கிறார்களோ என்று தோன்றும் அளவுக்குக் கரடுமுரடான இசை. பின்னாளில் புகழ்பெற்ற நடத்துநரான லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு இளம் வயதில் இதன் மேல் அவ்வளவு பைத்தியம். விருந்துகளில் இதை வாசித்து அறையைக் காலிசெய்துவிட முடியும் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1937இல் கோப்லண்டின் பிறந்தநாளன்று இருவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது, அவர் வீட்டு விருந்திலேயே இதை வாசித்தும் காட்டினார்.

அந்தக் கரு நான்கே ஸ்வரங்களிலிருந்து பிறக்கிறது. ஒரே ஸ்தாயிக்குள் அடக்கி, அதில் தாழ்ந்ததை ச என்று வைத்துக்கொண்டால், வரிசை இப்படி வரும்: அந்தர காந்தாரம், சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த ரிஷபம். கவனித்தீர்களா? இரண்டு காந்தாரமும் இருக்கின்றன. முழக்கத்தின் முதல் வரியில் ஒன்றுமே இல்லை; இங்கே இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. விளைவு மட்டும் ஒன்றுதான். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. கேட்பவரை இன்ன உணர்ச்சிக்குள் போ என்று கையைப் பிடித்துத் தள்ளுவதில்லை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நெருங்கி உட்கார்ந்திருக்க வேண்டிய இந்த நான்கு ஸ்வரங்களை அவர் ஸ்தாயி மாற்றித் தூரத் தூரமாக எறிகிறார். நடுவில் காற்று. சில இடங்களில் பியானோக் கட்டைகளை ஓசை எழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு கட்டைகளை அடிக்கச் சொல்கிறார். அடிக்காத தந்திகள் எதிரொலியாக மெல்ல முனகும். டிரம்பெட்டுகளுக்கு முன்னால் டிரம்மின் அதிர்வு அடங்க இடம் விட்ட அதே ஆள்தான் இது. ஒலியை எவ்வளவு கவனமாக வைக்கிறாரோ அவ்வளவு கவனமாக அதைச் சுற்றி வெறும் இடத்தையும் வைக்கிறார். கொழுப்பில்லாத, எலும்பு தெரிகிற இசை.

என் கட்சி இதுதான்: கோப்லண்டின் பாணி அவர் எடுத்தாண்ட நாட்டுப்புற மெட்டுகளில் இல்லை. அந்த மெட்டுகளைத் தொடுவதற்கு முன்பே, 1930இல், கரடுமுரடான இந்தப் பியானோ இசையில் முக்கால்வாசி உருவாகிவிட்டது.

இதற்கு நடனத்திலிருந்து ஒரு சாட்சியும் இருக்கிறது. நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் 1931இல் இந்தப் பியானோ இசைக்குத்தான் தனி நடனம் ஒன்று அமைத்து ஆடினார். அதே கிரஹாமுக்காகப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கோப்லண்ட் எழுதியது ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’. அமெரிக்க இசையிலேயே மிக மென்மையானது என்று பலர் சொல்லும் படைப்பு.

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கில் 1944 அக்டோபர் 30 அன்று அது முதலில் ஆடப்பட்டது. இசைக்கலைஞர்கள் உட்காரும் பள்ளம் சின்னது என்பதால் 13 வாத்தியங்களுக்கு மட்டுமே எழுதினார்: புல்லாங்குழல், கிளாரினெட், பஸூன், பியானோ, மீதி ஒன்பதும் தந்தி வாத்தியங்கள். மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கான வடிவமும் அந்த ஆண்டே வந்தது. இன்று அதிகம் கேட்கக் கிடைப்பது இந்தப் பெரிய வடிவம். என்னைக் கேட்டால் 13 வாத்தியப் பதிப்பைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். இடைவெளிகள் அதில்தான் துல்லியமாகத் தெரியும்.

முதல் அரை நிமிடத்தை மட்டும் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பக் கேளுங்கள். மிக மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாக உள்ளே வருகிறது. வந்தது போவதில்லை, அடுத்தது அதன் மேல் சேர்கிறது. எளிமையாகத் தோன்றும், ஆனால் உள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ச-க-ப என்ற கார்டும் ப-நி-ரி என்ற கார்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. பாடப்புத்தக வழக்கப்படி இவை ஒன்றை அடுத்து ஒன்று வர வேண்டியவை. ப-நி-ரி வந்தால் ஒரு எதிர்பார்ப்பு எழும். ச-க-ப வந்ததும் அது தீரும். மேற்கத்திய இசை முன்னால் நகர்வதே இந்த எதிர்பார்ப்பும் தீர்வும் மாறி மாறி வருவதால்தான். கோப்லண்ட் கேள்வியையும் பதிலையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுகிறார். அதனால் இசை எங்கேயும் போக அவசரப்படுவதில்லை. விடியற்காலை போல இருக்கிறது என்று கேட்டவர்கள் சொல்வார்கள். காரணம் இந்த அடுக்கு.

ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக இடம் பார்த்து உட்காருவதையும் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையில் ஆர்கெஸ்ட்ராவின் நடுப்பகுதி எப்போதும் நிறைந்திருக்கும். பிராம்ஸின் சிம்பொனி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கோப்லண்டிடம் மேலே மெல்லிய இழை, கீழே ஆழத்தில் ஒரு தாங்கல், நடுவில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பாரிஸ் நாள்களில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையிலிருந்து கற்றது இதில் நிறைய உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. எழுதி முடிக்கும்வரை கோப்லண்ட் இதை ‘மார்த்தாவுக்கான பாலே’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். அப்பலேச்சியன் மலையும் வசந்தமும் அவர் மனதிலேயே இல்லை. அரங்கேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் கிரஹாம், ஹார்ட் கிரேனின் கவிதை வரி ஒன்றிலிருந்து எடுத்து இந்தப் பெயரை வைத்தார். பிறகு வாழ்நாள் முழுக்க ரசிகர்கள் வந்து, உங்கள் இசையைக் கேட்டால் அந்த மலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, வசந்தத்தை உணர முடிகிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். தலைப்பைப் பார்த்துவிட்டுக் கேட்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனி தாளம். கோப்லண்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்த தலைமுறை. 1926இல் எழுதிய பியானோ கன்செர்ட்டோவில் ஜாஸ் வெளிப்படையாகவே இருக்கிறது. மறு ஆண்டு ஜாஸின் கட்டமைப்பைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அதில் அவர் பிடித்த விஷயம் நமக்குச் சுலபமாகப் புரியும்: எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காகப் பிரிக்காமல் மூன்று, ஐந்து என்று பிரிப்பது. தகிட தகதகிட. கைதட்டிச் சொல்லிப் பாருங்கள், ஜாஸின் தடுமாற்றம் உடனே வந்துவிடும்.

நம்மூரில் தாளம் அடியில் அசையாமல் நிற்கும். கணக்கு அதன் மேல் குறுக்கே ஓடிவிட்டுச் சமத்தில் வந்து சேரும். கோப்லண்ட் பல இடங்களில் தாளத்தின் நீளத்தையே மாற்றிக்கொண்டு போகிறார். ஒரு சுற்று நான்கு என்றால் அடுத்தது மூன்று, அதற்கடுத்தது ஐந்தாக இருக்கலாம். மெக்சிகோ நகரத்து நடனக்கூடம் ஒன்றுக்குப் போய்வந்த நினைவில் எழுதிய ‘எல் சலோன் மெஹிக்கோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு எண்ணிக்கையைத் தகிட தகிட என்றும் தக தக தக என்றும் மாற்றி மாற்றி வைப்பது மெக்சிகோ நாட்டுப்புற நடனங்களில் உள்ள பழக்கம். அதை எடுத்து இன்னும் கோணலாக்கியிருக்கிறார். 1937இல் மெக்சிகோ நடத்துநர் கார்லோஸ் சாவேஸ் அங்கேயே அதை அரங்கேற்றினார். அதற்கு முன் எழுதிய ‘ஷார்ட் சிம்பொனி’யின் தாளம் எவ்வளவு சிக்கல் என்றால், ஸ்டோகோவ்ஸ்கி, குஸ்ஸெவிட்ஸ்கி போன்ற பெரிய நடத்துநர்களே கைவிட்டுவிட்டார்கள். கடைசியில் ஆறு வாத்தியங்களுக்குச் சுருக்கி எழுதித்தான் அதை நடமாடவிட முடிந்தது.

‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’கின் வேகமான பகுதிகளில் இதே கோணல் தாளம் மென்மையாக ஒளிந்திருக்கிறது. மெதுவான தொடக்கம் முடிந்ததும் தந்தி வாத்தியங்களும் பியானோவும் திடீரென்று துள்ளும். அங்கே காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் கால் தவறும். தவறுகிற இடத்தில் கோப்லண்ட் இருக்கிறார்.

இப்போது கடன் வாங்கிய மெட்டுகளுக்கு வருவோம். ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’கின் பிற்பகுதியில் வரும் ‘சிம்பிள் கிஃப்ட்ஸ்’ பாட்டு அவருடையது அல்ல. ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் பிராக்கெட் 1848இல் மெயின் மாநிலத்தில் கட்டியது. கோப்லண்ட் அதை ஷேக்கர் பாடல் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்தார். அந்தப் பிரிவினர் பிரம்மசாரிகள். கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. பாலேயோ புதுமணத் தம்பதியைப் பற்றியது. இதில் யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

அந்த மெட்டை அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் கிளாரினெட் தனியாக, ஏறக்குறைய உள்ளபடியே வாசிக்கிறது. துணை என்று பார்த்தால் உயரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒலிப்புள்ளிகள், அவ்வளவுதான். ஒரு பாட்டை எடுத்தவுடன் அதற்குக் கார்டு போட்டு நிரப்பத்தான் எந்த இசையமைப்பாளரின் கையும் துறுதுறுக்கும். இவர் கையைக் கட்டிக்கொள்கிறார். பிறகு மெட்டு, பெரிய ஆர்கெஸ்ட்ரா வடிவத்தில், ஓபோவுக்கும் பஸூனுக்கும் போகிறது. நடை சற்று வேகமாகிறது. அடுத்து அதே மெட்டு பாதி வேகத்தில், தாழ்ந்த குரலில் வருகிறது. அது முடியுமுன்பே வேறு வாத்தியங்கள் அதே மெட்டைத் தாமதமாக ஆரம்பித்துத் துரத்துகின்றன. அதே பெரிய வடிவத்தில் அப்புறம் டிரம்பெட்டும் டிராம்போனும் எடுத்துக்கொள்ள, தந்தி வாத்தியங்கள் சுற்றிலும் வேகமாக ஓடுகின்றன. பிறகு கொஞ்சம் அமைதி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, முழுக் குரலில்.

இத்தனையிலும் மெட்டின் ஸ்வரங்களை அவர் அதிகம் தொடவே இல்லை. கமகம் சேர்க்கவில்லை, வேறு ராகத்துக்கு மாற்றவில்லை. வேகம், வாத்தியம், அடர்த்தி, இடைவெளி. மாறுபவை இவை மட்டும்தான். இவை நான்கும் பியானோ வேரியேஷன்ஸில் அவர் பழகிய கருவிகள். அங்கே நான்கு ஸ்வரம் கரு. இங்கே ஒரு பக்திப் பாட்டு கரு.

‘ரோடியோ’ பாலேயில் (1942) வரும் ‘ஹோ-டவுன்’ இன்னும் சுவாரசியமான கதை. அதன் முக்கிய மெட்டு கென்டக்கியைச் சேர்ந்த வில்லியம் ஸ்டெப் என்ற ஃபிடில் கலைஞர் வாசித்தது. 1937இல் ஆலன் லோமாக்ஸும் எலிசபெத் லோமாக்ஸும் காங்கிரஸ் நூலகத்துக்காக அதைப் பதிவுசெய்தார்கள். ரூத் கிராஃபர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர் அந்தப் பதிவைக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாக எழுதி 1941இல் அச்சில் கொண்டுவந்தார். கோப்லண்ட் அச்சில் இருந்ததை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தார். மற்றவர்கள் நிதான நடையில் வாசித்துவந்த அந்த மெட்டைத் துள்ளவைத்தது கோப்லண்ட் அல்ல, ஸ்டெப்.

ஸ்டெப்பின் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதையும் ‘ஹோ-டவுனை’யும் அடுத்தடுத்துக் கேட்டால், பாணியை ஆராயும் பாடம் ஒன்று ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதையெல்லாம் கழித்துவிடுங்கள். மெட்டு போய்விடும், வேகம் போய்விடும். மிச்சம் என்ன? தொடக்கத்தில் எல்லா வயலின்களும் ஃபிடிலுக்குச் சுருதி சேர்ப்பதுபோல வெறும் தந்திகளை இழுப்பது. அங்கே கேட்பது மறுபடி அதே ச-ப இடைவெளிதான். அப்புறம் பியானோவும் மரக்கட்டை வாத்தியமும் சேர்ந்து, எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடத்தில் நொண்டி நடக்கிற துணைத் தாளம். திடீர் நிறுத்தங்கள். கோப்லண்டுக்குச் சேர வேண்டிய பாராட்டு இவற்றுக்குத்தான். மெட்டுக்கான பாராட்டில் பாதி கென்டக்கிக்குப் போக வேண்டும். இது ரொம்ப நாள் போகவும் இல்லை.

ஏன் 1930களின் நடுவில் அவர் எளிமைக்குத் திரும்பினார்? பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம். வானொலியும் இசைத்தட்டும் புதிய கூட்டத்தை இசைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தன. சக இசையமைப்பாளர்களுக்காக மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் வெற்றிடத்தில் எழுதுவதாகிவிடும் என்று அவர் பயந்தார். சொல்ல வேண்டியதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்ப்பது என்று தீர்மானித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பள்ளி மாணவர்கள் நடிக்க ஓர் இசைநாடகம், ஹாலிவுட் படங்கள், பாலேக்கள் எல்லாம் இந்தத் தீர்மானத்தின் பலன். ‘த ஏர்ஸ்’ (1949) படத்தின் இசைக்கு ஆஸ்கரும் வந்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அவர் எளிமையாக்கியது மெட்டைத்தான், எழுதும் கையை அல்ல என்பது. இரண்டு கோப்லண்டுகள் இருந்தார்கள், ஒருவர் கடினமானவர், இன்னொருவர் ஜனரஞ்சகமானவர் என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. பட்டியல் போட வசதி, அவ்வளவுதான். காதால் கேட்டால் அந்தப் பிரிவினை நிற்காது.

இத்தனைக்கும், ‘அமெரிக்க ஒலி’யைக் கட்டியவர் என்று பெயர் எடுத்த இவரையே அரசாங்கம் சந்தேகித்தது. 1953 ஜனவரியில் அதிபர் ஐசன்ஹோவரின் பதவியேற்பையொட்டிய கச்சேரியிலிருந்து இவருடைய ‘லிங்கன் போர்ட்ரெய்ட்’ நீக்கப்பட்டது. இடதுசாரித் தொடர்பு என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்ததுதான் காரணம். அதே ஆண்டு, கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிப்பதில் முனைப்பாக இருந்த செனட்டர் மெக்கார்த்தியின் குழு இவரைக் கூப்பிட்டு விசாரித்தது. ஆபிரகாம் லிங்கனின் சொற்களை வைத்து எழுதிய இசைக்கு இந்தக் கதி.

1950 முதல் கோப்லண்ட் பன்னிரண்டு ஸ்வர முறையையும் எடுத்துக்கொண்டார். ஸ்தாயியில் உள்ள பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி, எதற்கும் முதன்மை கொடுக்காமல் எழுதும் முறை அது. சட்ஜம் என்று எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் புதிய அரங்கம் திறந்த 1962இல் அவர் கொடுத்த ‘கனோட்டேஷன்ஸ்’ இந்த வகை. திறப்பு விழாவுக்குப் பட்டாடையில் வந்து உட்கார்ந்த கூட்டம் இன்னொரு ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’கை எதிர்பார்த்திருக்கும். கிடைத்தது, நான்கு நான்கு ஸ்வரங்களாக மூன்று கார்டுகளில் பன்னிரண்டையும் முகத்தில் எறியும் தொடக்கம். இடைவேளையில் ஜாக்குலின் கென்னடி அவரைப் பார்த்து, ‘ஓ, மிஸ்டர் கோப்லண்ட்’ என்றாராம். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லையாம்.

அந்த மூன்று கார்டுகளையும் முழக்கத்தின் தொடக்கத்தோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். உலோக வாத்தியங்கள், அழுத்தமான அடி, பிறகு இடைவெளி. ஸ்வரங்கள் எல்லாம் மாறிவிட்டன. வைக்கும் கை மாறவில்லை.

கேட்கும் வரிசை என்று ஒன்று வேண்டுமானால் நான் இப்படிச் சொல்வேன்: முதலில் முழக்கம்; அடுத்து ஸ்டெப்பின் ஃபிடிலும் ‘ஹோ-டவுனும்’; பிறகு 13 வாத்திய ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’, தலைப்பை மறந்துவிட்டு. அது முடிந்த கையோடு பியானோ வேரியேஷன்ஸ். அதைத் தாங்கிக்கொண்டவர்கள் ‘கனோட்டேஷன்ஸ்’க்குப் போகலாம். வீட்டில் விருந்தாளி இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள்.